வேரும் பூஞ்சையும்: வடகரையின் நெல், தென்னைப் பயிர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தாவர வேர்களோடு கூடிவாழும் உட்பூசணம் மண்ணிலுள்ள மணிச்சத்தைச் செடிக்குக் கொணர்ந்து தருகிறது. ஆயினும், இவ்வுறவு எல்லாப் பயிரிலும் ஒரே அளவில் அமைவதில்லை. அதற்கான காரணங்களை வடகரைப் பகுதியில் விளையும் நெல், தென்னை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேர் உட்பூசணம், மணிச்சத்து, தென்னை, நெல், வடகரை

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வடகரை. மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே கட்டப்பட்ட அடவிநயினார் அணையின் நீர் இப்பகுதிக்குப் பாசனமாகிறது. அருகருகே வளரும் நெல்லும் தென்னையும் மண்ணுக்கடியில் சத்துத் தேடும் முறையில் வேறுபடுகின்றன.

உறவின் இயல்பு

வேரும் பூஞ்சையும் இணைந்த அமைப்பிற்கு 1885ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பிராங்க் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார். அதன் ஒரு வகையே வேர் உட்பூசணம். நிலத்தாவர இனங்களுள் பெரும்பான்மையானவை இதனோடு உறவு கொண்டவை. ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுத் தொன்மையுடைய தாவரப் புதைபடிவங்களிலும் இவ்வுறவின் தடயங்கள் உள்ளன.

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதில்லை. செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதனைப் பிணைத்துக்கொள்கின்றன. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் பரப்பில் அச்சத்துத் தீர்ந்தபின் வேர் அதனைப் பெறுவது கடினமாகிறது. பூஞ்சை இழைகள் அவ்வெல்லையைக் கடந்து பல சென்டிமீட்டர் தொலைவு பரவுகின்றன. வேர்த்தூவி நுழையவியலாத நுண்துளைகளிலும் நுழைகின்றன. அவ்வாறு கொணர்ந்த சத்து, வேர்ப்புறணியின் உயிரணுக்களுள் சிறு மரம்போல் கிளைத்த பூஞ்சை அமைப்பின் வழியாகச் செடியைச் சேர்கிறது.

இதற்கு ஈடாகச் செடி, ஒளிச்சேர்க்கையால் ஈட்டிய கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்கு அளிக்கிறது. சர்க்கரையோடு கொழுப்பு அமிலங்களையும் செடியே தருகிறது என்பது 2017இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. எனவே, இது செடிக்குச் செலவுடைய உறவு. மணிச்சத்துக் குறையும்போது வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளை மிகுதியாகச் சுரந்து பூஞ்சையை ஈர்க்கிறது. அச்சத்து மிகும்போது உறவைச் சுருக்கிக்கொள்கிறது.

தென்னையும் நெல்லும்

தென்னை வேர்களில் வேர்த்தூவிகள் இல்லை. ஆதலால் உறிஞ்சும் பரப்பைப் பெருக்கப் பூஞ்சை இழைகள் அதற்குப் பெருந்துணையாகின்றன.

நெல்லின் நிலை வேறு. வயலில் நீர் தேங்குகையில் மண்ணில் ஆக்சிஜன் குறைகிறது. அந்நிலையில் இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்தின் ஒரு பகுதி கரைந்து வேருக்கு எளிதில் கிடைக்கிறது. பூஞ்சையோ ஆக்சிஜன் இன்றிச் செழிப்பதில்லை. இவ்விரு காரணங்களாலும் தேங்குநீர் வயலில் உறவு தளர்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் அதற்கு இடமுண்டு.

இதன் விளைவு அடுத்த பயிரையும் பாதிக்கக்கூடும். நெல்லுக்குப்பின் விதைக்கப்படும் உளுந்து தன் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தை நிலைநிறுத்த மணிச்சத்து மிகுதியாகத் தேவை. அப்போது மண்ணில் பூஞ்சை குன்றியிருப்பின் உளுந்து அத்துணையை இழக்கிறது. உயிருள்ள வேரின்றி இப்பூஞ்சை தன் வாழ்க்கைச் சுழற்சியை நிறைவுசெய்ய இயலாது. எனவே, நிலம் நெடுங்காலம் தரிசாகக் கிடப்பதும் அதனைக் குறைக்கும். கடுகு, முள்ளங்கி போன்றவை இவ்வுறவை ஏற்காத பயிர்கள் என்பதும் பயிர்ச்சுழற்சியில் கருதத்தக்கது.

முடிவுரை

வேர் உட்பூசணத்தை விலைக்கு வாங்கி இடுவதால் மட்டும் பயன் உறுதியாவதில்லை. மணிச்சத்து மிகுந்த நிலத்தில் டிஏபி உரத்தையும் பூசணத்தையும் ஒருங்கே இடுபவர், ஒரு செலவால் மற்றொன்றின் பயனைக் குறைத்துக்கொள்ள நேரிடும். மண்பரிசோதனையின்படி உரமிடுதல், நீர் தேங்கும் காலத்தைக் குறைத்தல், தோப்பில் ஊடுபயிரைப் பேணுதல், உழவைக் குறைத்தல் ஆகியவை மண்ணில் ஏற்கெனவே உள்ள பூஞ்சையை வாழவிடும் வழிகளாகும். பயிரும் நீரும் உரமும் எந்நிலையில் உள்ளன என்பதை அறிந்தபின்னரே பூசண இடுகையின் தேவையை முடிவுசெய்தல் தகும்.