ஊசி இறங்கும் முன்பே

கடலை பறித்து இடுப்பு பிடித்துக்கொண்ட அம்மாவைக் குஜிலியம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "பயப்படாதீங்கம்மா, இந்த ஊசியில வலி குறைஞ்சிரும்" என்று நர்ஸம்மா தோளைத் தொட்டார். ஊசி இறங்கும் முன்பே அம்மாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

இது பிரமையல்ல. 1978இல் கலிபோர்னியாவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் சோதித்தார்கள். மருந்தே இல்லாத ஊசியிலும் சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கே, அபினி வகை மருந்தை முறிக்கும் நாலக்சோனைக் கொடுத்ததும் வலி ஏறியது. அப்படியானால் நம்பிக்கை வந்தபோது மூளை தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைச் சுரந்திருக்கிறது! எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் நம்பிக்கை புற்றுக்கட்டியைக் கரைக்காது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாற்றும் ஆகாது. தைரியமாக இருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.