லினக்ஸ் கணினி ஏன் ‘ஹேங்’ ஆகிறது?

4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. பிரவுசரில் ஏகப்பட்ட டேப்கள், கூடவே ஒரு வீடியோ மீட்டிங். இன்னொரு டேப்பைத் திறந்ததும் மவுஸ் அம்புக்குறி அப்படியே நின்றுவிடுகிறது. ஹார்டு டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. எவ்வளவு நேரம் பொறுத்தாலும் மீளாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். சேமிக்காத வேலை எல்லாம் போச்சு.

நினைவகம் தீர்ந்துபோனால், அதிகம் விழுங்கும் நிரலை நிறுத்தி மற்றவற்றைக் காப்பாற்ற லினக்ஸின் மையமான கெர்னலில் ‘ஓஓஎம் கில்லர்’ என்ற ஏற்பாடு உண்டு. அது ஏன் குறுக்கிடுவதில்லை? இயங்கும் நிரல்களின் குறியீடு டிஸ்க்கிலும் இருக்கிறது. வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம் என்று கெர்னல் அதை ரேமிலிருந்து வெளியேற்றுகிறது. திரையை வரையும் நிரலுக்கோ அடுத்த கணமே அது தேவை. டிஸ்க்கிலிருந்து படித்தாக வேண்டும். அதற்கு இடம் விட வேறொன்று வெளியேறுகிறது. அதுவும் உடனே தேவைப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இடம் கிடைத்துவிடுவதால், கெர்னலின் கணக்கில் நினைவகம் தீரவே இல்லை. ரேமில் இடம் போதாதபோது தரவை ஒதுக்கிவைக்க டிஸ்க்கில் விடும் இடம் ஸ்வாப். அந்த ஸ்வாப்பே இல்லாத கணினியும் இப்படித்தான் திணறும். ஸ்வாப்பை நிறுத்தச் சொல்லும் அறிவுரை பலிக்காதது இதனால்தான்.

கெர்னல் இடத்தை அளந்தது, காத்திருப்பை அளக்கவில்லை. காத்திருப்பை அளக்கும் அளவுகோல் 2018 டிசம்பரில் வெளியான கெர்னல் 4.20 பதிப்பில்தான் சேர்ந்தது. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யோகான்னஸ் வைனர் எழுதிய ‘பிஎஸ்ஐ’, கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் நிரல்கள் நினைவகத்துக்காக முடங்கிக் கிடந்தன என்று சொல்லும். பெரும் சர்வர்களுக்காகப் பிறந்த கருவி வீட்டுக் கணினிக்கும் உதவியது. 2021-இல் ஃபெடோரா 34, இந்த அளவைப் பார்த்து நிரல்களை முன்கூட்டியே நிறுத்தும் ‘சிஸ்டம்டி-ஓஓஎம்டி’யை இயல்பிருப்பாக்கியது. உபுண்டு 22.04-உம் அதைச் சேர்த்தது. ஆனால் பிரவுசர் திடீரென மூடிக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன. நியாயமான புகார்தான். ஆனாலும் முழுக் கணினியும் முடங்குவதைவிட ஒரு நிரல் போவது மேல்.

அடுத்த முன்னேற்றம் 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில் வந்தது. கூகுளின் யூ ஜாவ் உருவாக்கிய ‘எம்ஜிஎல்ஆர்யூ’, நினைவகத்தின் எந்தத் துண்டை, அதாவது எந்தப் ‘பக்கத்தை’, வெளியேற்றுவது என்பதைக் கூடுதல் கவனத்தோடு தேர்ந்தெடுக்கிறது. அதிலுள்ள ஓர் அமைப்பில் 1000 என்று எழுதினால், கடைசி ஒரு நொடிக்குள் பயன்பட்ட பக்கங்களைக் கெர்னல் தொடாது. அவற்றை வைத்துக்கொள்ள இடம் போதாவிட்டால் ஓஓஎம் கில்லரை அழைக்கும். பொறுக்க முடியாத திணறல் பெரும்பாலும் இதில் நின்றுவிடும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. ஆனால் அந்த அமைப்பின் இயல்பு மதிப்பு 0. சர்வருக்கு அது சரியாக இருக்கலாம். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அது பொருந்தாது; டெஸ்க்டாப் பதிப்புகளை வெளியிடுவோர் அந்த எண்ணை மாற்றியே அனுப்ப வேண்டும்.