நாய்களிடையே ஒரு பூனை

நாயும் பூனையும்போல என்று சண்டைக்கு உவமை கூறுகிறோம். அது முழு உண்மையன்று என்பதை, டில்லியில் எங்கள் இல்லத்தில் இரு நாய்களோடு வாழும் பூனை எனக்கு உணர்த்திற்று.

பகைக்குப் பெரும்பாலும் மொழி வேற்றுமையே காரணம். நாய் உடல் தளர்ந்து வாலை ஆட்டினால் நட்பு. பூனை வாலை வீசியடித்தால் சினம். இதனை அறியாது நெருங்கிய இளைய நாய் முதல் வாரத்தில் மூக்கில் கீறல் பெற்றது. இன்றோ பூனைகளின் வழக்கப்படியே மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிக்கின்றது.

டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரையும், ஒரே வீட்டில் வாழும் இவ்விரண்டும் ஒன்றன் குறிப்பை மற்றொன்று அறிந்துகொள்கின்றன என்று கூறுகிறது. இளமையிலேயே பழகுவதும், பூனை முதலில் வந்து சேர்ந்திருப்பதும் இணக்கத்திற்குத் துணை செய்யுமாம்.

ஆகவே, புதிதாய் வந்த பூனையைச் சில நாள் தனியறையில் வைத்து, விரித்த துணிகளை மாற்றிப் போட்டு, வாசனையை முதலில் பழக்குக. நாய் எட்டாத உயரத்தில் அதற்கோர் இடம் தருக. உணவும் வேறாக இருக்கட்டும். டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் பழுதுறும். வெறிநோய்த் தடுப்பூசி இரண்டிற்கும் இன்றியமையாதது.

பிறமொழியாளரிடையே குடியேறிய நமக்கு இது புதிய பாடமன்று. மொழி கற்க அவகாசமும் ஒதுங்க ஓர் இடமும் கிடைத்தால், அயலாரும் உறவினராவர் அன்றோ?