ஐயத்துக்குரிய மச்சம்

மச்சத்துக்குப் பலன் பார்ப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். நானும் ஒரு வகையில் மச்சத்துக்குப் பலன் சொல்பவனே. அறுத்தெடுத்த மச்சத்தை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்து, இது தீங்கற்றது, இது புற்று என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். சோதிடரின் பலன் தவறினால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. என் பலன் தவறலாகாது.

நம் தோலுக்கு நிறந் தருவன மெலனோசைட் என்னும் உயிரணுக்கள். அவை ஓரிடத்தில் திரண்டு அடங்கியிருந்தால் மச்சம். அடங்காது பெருகி உள்ளே ஊடுருவினால் மெலனோமா என்னும் கொடிய புற்று. பெரும்பாலானவற்றை இன்னதென்று கண்டவுடன் சொல்லிவிடலாம். இரண்டுங்கெட்டானாய் நிற்கும் சிலவே எங்கள் உறக்கத்தைக் கெடுப்பன.

1948-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஸோபி ஸ்பிட்ஸ் என்னும் அம்மையார் இத்தகைய கட்டிகளைப் பற்றி எழுதினார். பார்வைக்கு மெலனோமாவேதான், ஆனால் அக்கட்டியை உடைய குழந்தைகள் நலமாக வாழ்ந்தனர். அவர் ஆராய்ந்த 13 குழந்தைகளுள் ஒன்று மட்டும் மாண்டது. பிற்காலத்தார் அக்கட்டிக்கு அவர் பெயரையே இட்டு, பெரும்பாலும் தீங்கற்றதென்று முடிவு கட்டினர். மாண்ட அந்த ஒரு குழந்தையை மற்றப் பன்னிரண்டினின்றும் முன்னதாகவே பிரித்தறிவது எங்ஙனம்? உருவத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை காண்பது அரிது. ஒரே கட்டியைத் தேர்ந்த நிபுணர் இருவரிடம் காட்டினால், இருவரும் வேறு வேறு தீர்ப்புக் கூறுவதுண்டு.

ஆகவே, உயிரணுவின் உள்ளே கிடக்கும் ஜீன்களைப் படிக்கத் தலைப்பட்டனர். ஏடு பெயர்த்தெழுதுவோன் சில ஏடுகளை விட்டுவிடுவதும், சிலவற்றை இருமுறை எழுதிவிடுவதும் உண்டல்லவா? புற்று உயிரணுக்களிலும் குரோமோசோம்களின் பகுதிகள் அவ்வாறே குறைந்தும் மிகுந்தும் கிடக்கின்றன. போரிஸ் பாஸ்டியன் என்பாரும் அவர் குழுவினரும் 2003-இல் 132 மெலனோமாக்களையும் 54 மச்சங்களையும் ஒப்பிட்டனர். மெலனோமாக்களில் நூற்றுக்கு 96-இல் இம்மாறுதல்கள் தென்பட்டன. மச்சங்களிலோ, ஸ்பிட்ஸ் வகையைச் சார்ந்த சிலவற்றில் மட்டுமே காணப்பட்டன. அவற்றிலும் பெரும்பாலும் 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை மிகுந்திருந்ததே மாறுதல்.

இன்று வழக்கிலுள்ள சோதனையொன்றில், 6, 11 முதலிய குரோமோசோம்களின் குறிப்பிட்ட இடங்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, ஒவ்வோர் உயிரணுவிலும் எத்தனை புள்ளிகள் மின்னுகின்றன என்று எண்ணுகிறோம். இயல்பில் இரண்டு இருக்க வேண்டும். 9-ஆம் குரோமோசோமில் ஓரிடம் இரு படிகளிலும் அழிந்துபோயிருந்தால் எங்களுக்குக் கவலை மிகும்.

ஆனால் எண்ணிக்கையும் ஏமாற்றும். சில ஸ்பிட்ஸ் மச்சங்களில் குரோமோசோம்கள் அனைத்துமே இரட்டித்து நிற்கும். புள்ளிகளை மட்டும் எண்ணுபவன் அதைப் புற்றென்று எழுதிவிடுவான். இன்னொரு சங்கடமும் உண்டு. இச்சோதனைகளின் திறமையைப் பெரும்பாலும் ஐயமற்ற கட்டிகளைக் கொண்டே அளந்தார்கள். நாமோ ஐயமுள்ளவற்றுக்கே அவற்றை நாடுகிறோம். இக்கட்டிகளில் சில, அருகிலுள்ள நிணநீர்க் கணு வரை சென்றும் குழந்தையைக் கொல்வதில்லை. கணுவில் கண்டதாலேயே புற்றென்று துணிவதும் இவ்விடத்தில் பொருந்தாது.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் காலில் இருந்து எடுத்த கட்டி ஒருமுறை என்னிடம் வந்தது. புற்றென்று எழுதினால் சதையைப் பெரிதாக அறுப்பர். அந்தப் பெயரைச் சுமந்தே அவள் வளர வேண்டும். அன்றென்று எழுதி அது புற்றாகிவிட்டால் சொல்ல வேண்டுவதில்லை. ஜீன் சோதனையில் கேடான குறி ஒன்றும் தென்படவில்லை. "புற்றா, இல்லையா, ஒரே சொல்லில் கூறுங்கள் ஐயா" என்றார் தந்தையார். "புற்றாயிருக்க வாய்ப்புக் குறைவு, முற்றும் இல்லையென்று என்னால் கையெழுத்திட இயலாது" என்றேன். அவர் மனம் நிறையவில்லை. கட்டி இருந்த இடத்தைச் சுற்றி இன்னும் சிறிது தோலை அகற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுமியை அழைத்து வருமாறு அறுவை மருத்துவர் பணித்தார்.