பீரோவுக்குள் புகுந்த மழை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதம். பேத்தியின் காதுகுத்துக்காக என் மனைவி பீரோவைத் திறந்து கூறைப்புடவையை எடுத்தாள். மடிப்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம்! "ரயில்வே டிரான்ஸ்ஃபார்மரையெல்லாம் ஈரம் படாமல் காப்பாற்றினீர்கள். வீட்டு பீரோவை விட்டுவிட்டீர்களே" என்றாள். நியாயமான கேள்விதான்.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். வரும் வழியில் 'பிரீதர்' என்ற குப்பியில் சிலிகா ஜெல் மணிகள் இருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு. நிறம் மாறியதும் நாங்கள் கவனித்தாக வேண்டும். வீட்டில் அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஆகவே, காற்று குளிரக் குளிர அதன் ஈரப்பத விகிதம் ஏறும். மும்பை மழையில் நனைந்து குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி பீரோவை வைத்தால், பின்னால் காற்றோட்டமும் இருக்காது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஏ.சி. பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகி அச்சாயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் ஓர் அமைப்பை வடிவமைத்தார். குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டுக் காற்றிலுள்ள ஈரம் நீராக வடியும். நம் ஏ.சி.யிலிருந்து சொட்டுவதும் அந்த நீரே.

வீட்டில் செய்யக்கூடியவை:

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள்.

படுக்கையறையில் ஈரத்துணி உலர்த்தாதீர்கள். துணியிலுள்ள நீர் முழுவதும் அந்த அறைக் காற்றில்தான் சேரும்.

சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

அடைமழையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் குறையாது, வெளிக்காற்றும் ஈரமே. கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஏ.சி.யை 'டிரை' நிலையில் ஓட்டலாம்.

அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை உறிஞ்சாது. பீரோவில் வெள்ளை சிலிகா ஜெல் பொட்டலங்களை வையுங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அவை வேண்டாம்.

ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானி வாங்கி மாட்டுங்கள். அறைக்குள் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

புடவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பூஞ்சணமும், ஈரத்தில் பெருகும் தூசி உண்ணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களின் இழுப்பை அதிகமாக்கும். என் பேத்திக்கும் அந்தத் தொல்லை உண்டு. புடவையில் விழுந்த கறை இன்னும் போகவில்லை. ஆனால் அன்று அந்தக் கறையைப் பார்த்த பிறகுதான், அவள் படுக்கும் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரையும் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் கறுப்பாகப் படர்ந்திருந்தது. இன்று மாலை உங்கள் வீட்டிலும் கட்டிலை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.