உங்களுக்குத் தெரியுமா? பழைய டர்போவும் ஜிஎஸ்டி ரோடும்

● டர்போ சத்தம் விழுப்புரத்துக்குப் புதிதல்ல. மீட்டர்கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து மின்சார இன்ஜின் இழுத்துவரும் ரயில், விழுப்புரம் ஜங்ஷனில் நின்று இன்ஜின் மாற்றிக்கொள்ளும். மின்கம்பி இங்கேயே முடிந்துவிடும் என்பதால் தெற்கே போக ஒய்டிஎம்-4 டீசல் மாட்டுவார்கள். ஆறு சிலிண்டர் ஆல்கோ இன்ஜின், சுமார் 1,400 குதிரைத்திறன், உள்ளே ஒரு டர்போ. டிரைவர் நாட்ச் (சக்திப் படி) ஏற்றியதும் முதலில் குபுகுபுவென்று கரும்புகை வரும், அடுத்து விசில், அதற்கப்புறம்தான் இழுவை. டீசல் உடனே கூடிவிடுகிறது; டர்போ சுற்றெடுத்துக் காற்றைத் திணிக்கச் சில நொடிகள் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் முழுதாக எரியாமல் போன டீசல்தான் கரும்புகை. இதையேதான் இன்று கார்க்காரப் பையன்கள் ‘டர்போ லேக்’ என்று சலித்துக்கொள்கிறார்கள்.

● சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு விசிறியால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரட் பியூச்சி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர். ஆண்டு 1905. அந்த யோசனை விற்பனைக் காருக்கு வர 1962 ஆயிற்று: அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கார்வேர். ஜெட்ஃபயருக்கு பெட்ரோல் போக, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்த முதலாளிகள் ஏராளம்.

● நம் ஊரில் ‘பழைய டர்போ’ என்றால் ஆர்வலர்கள் முதலில் சொல்லும் பெயர் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 2004-ல் இந்தியாவுக்கு வந்தது. 1781 சிசி, ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன், 210 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை. ஐரோப்பாவில் அதே பெயரில் விற்ற வண்டிக்கு 180. அதே குடும்பத்து இன்ஜின் ஆடி டிடி காரில் 240 வரை போயிற்று. பிளாக் கிட்டத்தட்ட ஒன்றே. டர்போ, இன்ஜெக்டர், இன்டர்கூலர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண்கள் இவைதான் வேறு. இதைத் தெரிந்துகொண்ட எவருக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

● அந்த 150 குதிரை வண்டியில் இருக்கும் டர்போவின் பெயர் கே-03. செய்தது கேகேகே என்ற ஜெர்மன் நிறுவனம். அதே கேகேகேயின் தொழில்நுட்பத்தோடு 1980-களில் தமிழ்நாட்டில் தொடங்கியதுதான் டர்போ எனர்ஜி நிறுவனம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துப் பையனூரில் அதற்கு ஆலை இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாட்டின் லாரி, பஸ், டிராக்டர், கார் எத்தனையோவற்றில் அங்கே செய்த டர்போ சுழல்கிறது.

● டியூனிங்கில் ‘ஸ்டேஜ் ஒன்’ என்றால் ஸ்பேனரே எடுக்க மாட்டார்கள். லேப்டாப்பை மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு, பிளக் எப்போது பொறி விட வேண்டும், பெட்ரோல் எவ்வளவு என்ற மூன்றும் மாறும். டர்போ இல்லாத பழைய ஹோண்டாவில் இதே வேலையைச் செய்தால் கிடைப்பது சொற்பம். டர்போ வண்டியில் 150 என்பது 180-ஐத் தாண்டிவிடும். காற்றைக் கூட்டித் திணிக்க ஆள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

● டியூனிங் பாக்ஸ் என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் விற்கிறார்கள். கம்ப்யூட்டரின் கணக்கை அது தொடுவதே இல்லை. சென்சாரிலிருந்து வரும் தகவலைப் பொய்யாக மாற்றிச் சொல்லும். பொய் சொல்லி வேலை வாங்குவது எத்தனை நாளைக்கு ஓடும்? என் ஓட்டு ரீமேப்புக்குத்தான். அதுவும் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, சூடு, நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) எல்லாம் பார்த்து எழுதித் தருபவரிடம் மட்டும்.

● மே மாத விழுப்புரத்தில் நிழலிலேயே 40 டிகிரி. 20 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றில் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. ஐரோப்பாவில் எழுதிய மேப் இங்கே வந்து சோர்ந்து நிற்க இதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம் இன்னும் சூடானது. அந்த 40 டிகிரிக் காற்றை ஒரு பார் பூஸ்டுக்கு அமுக்கினால், நல்ல டர்போவிலேயே வெளியே வருவது 130, 140 டிகிரிக் காற்று. இன்டர்கூலர்தான் அதை ஆற்றி உள்ளே அனுப்ப வேண்டும். ஆக்டேவியாவில் அது பம்பரின் ஓரத்தில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒடுங்கிக் கிடக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, கேட் திறந்ததும் மிதித்துப் பாருங்கள், வண்டி மாட்டு வண்டியாக இருக்கும். சூட்டைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பொறி விடுவதைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாற்றுகிறது. ஆகவே நம் ஊரில் பெரிய டர்போவுக்கு ஆசைப்படுவதற்கு முன் முன்புறம் ஒரு பெரிய இன்டர்கூலர் போடுவது புத்திசாலித்தனம். குதிரைத்திறன் எண் பெரிதாக ஏறாது; ஏறியது நிலைத்து நிற்கும்.

● இருபது வருஷ டர்போ காரில் கம்பெனி சொன்ன 150 குதிரையே இருக்காது. ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருக்கும். டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கும். டர்போ திணித்த காற்று ‘உஸ்’ என்று வழியிலேயே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் கையாளும் ஒரு சாதனத்தை ஹார்டுவேர் கடையிலேயே செய்துகொள்ளலாம். ஒரு பிவிசி எண்ட் கேப் வாங்கி, நடுவில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைச் செருகுங்கள். டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, அந்த வாயில் கேப்பை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பஞ்சர் கடை காற்றை ஐந்து, பத்து பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி, ஹோஸ் சேரும் இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும். எங்கே நுரை குமிழ்கிறதோ அங்கேதான் உங்கள் குதிரைகள் ஓடிப்போகின்றன. முகத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேப் தெறித்தால் வலிக்கும். லீக்கை அடைக்காமல் ரீமேப் போட்டால், இல்லாத காற்றை ஈடுகட்ட டர்போ தன் சக்திக்கு மேல் சுழன்று சீக்கிரம் போய்ச் சேரும்.

● சின்ன டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பது பால் பேரிங்கும் இல்லை. பெரும்பாலான கார்களில் ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. பக்கத்து அறையில் 900 டிகிரிப் புகை. செங்கல்பட்டிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து விக்கிரவாண்டி மோட்டலில் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்று, இருக்கும் ஆயில் அங்கேயே கருகிக் கரியாகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள், ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டீ ஆறிப்போகாது.

● ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஆக்டேவியாவின் இதே 1.8 டர்போ குடும்பத்து இன்ஜின் பூட்டிய பசாட் கார்களில் ஆயில் கூழாகி அடைத்துக்கொண்ட புகார்கள் குவிந்து, ஃபோக்ஸ்வாகன் வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. புத்தகத்தில் 15,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் பூஸ்ட் ஏற்றிய வண்டிக்கு அதில் பாதியில் மாற்றுவதே நல்லது. பழைய வண்டி வாங்கினால் ஆயில் சம்ப்பை ஒருமுறை கழற்றி உள்ளே இருக்கும் சல்லடையைப் பாருங்கள்.

● ‘ப்ஷ்ஷ்’ சத்தத்துக்காக டம்ப் வால்வு போடும் பையன்கள் கவனிக்க: ஆக்டேவியா போன்ற வண்டிகளில் உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் முதலிலேயே அளந்துவிடுகிறது. அளந்த காற்றை வெளியே கொட்டிவிட்டால், கம்ப்யூட்டர் அது இருப்பதாக நினைத்தே பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது கரும்புகை, ஐடிலில் தடுமாற்றம், மைலேஜ் நஷ்டம். சத்தம் கூடுமே தவிர ஒரு குதிரைகூட ஏறாது.

● பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். விழுப்புரம் மாவட்டத்தின் கரும்புக்கு அது நல்ல செய்தி. 2004 ஆக்டேவியாவுக்குப் பாதி நல்லது, பாதி கெட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது குளிர்விக்கும், ஆகவே நாக்கிங் குறையும். டர்போ டியூனர்களுக்குப் பிடித்த குணங்கள் இவை. ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய பம்ப் அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், சீல்களை எத்தனால் உப்பவைத்து விரிசல் விடவும் செய்யும். ரீமேப் போடும் முன் பெட்ரோல் லைனை மாற்றுவது செலவல்ல, உயிர்க்காப்பு.

● ஒரே இன்ஜின், வேறு எண் என்பதற்கு இன்னோர் உதாரணம்: ஃபியட் லீனியா டி-ஜெட் 114 குதிரை. 2015-ல் வந்த அபார்த் புன்டோ 145. இரண்டிலும் அதே 1.4 லிட்டர் டி-ஜெட் இன்ஜின்.

● ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? திண்டிவனத்துத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்விஃப்ட் டீசலும் டர்போதான். அதன் 1248 சிசி ஃபியட் இன்ஜின் ஸ்விஃப்டில் 75 குதிரை. தகடு திரும்பும் டர்போ போட்டு எர்டிகாவில் 90. இந்தியாவில் எத்தனை கார் மாடல்களில் ஓடிற்று என்று எண்ணினால் விரல் போதாது. டீசல் ரீமேப்பில் இழுவை அள்ளிக்கொண்டு வரும். பின்னால் வருபவர் முகத்தில் கரும்புகை அடித்தால் அது டியூனிங் ஆகாது, பிழை.

● போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி தாங்குவதாகச் சொல்லப்படுவது 250 நியூட்டன்மீட்டர். வண்டி கம்பெனியில் தருவது 175. பந்தயக் கணக்கு போடுவதற்கு முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். மேனுவல் வண்டியில் முதலில் கைவிரிப்பது கிளட்ச். நாலாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

● மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போக வேண்டும். டிஎன் 16 என்றால் திண்டிவனம், டிஎன் 32 என்றால் விழுப்புரம். அந்த ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப்போடு (டர்போவை அடுத்த புகைக்குழாய்) நின்றால் என்ன பதில் சொல்வீர்கள்? இன்சூரன்ஸ் கம்பெனியும் விபத்துக்குப் பிறகு இதே கேள்வியைத்தான் கேட்கும்.

● ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம்–விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், நேர்கோடு போட்டதுபோல் நான்கு வழிச் சாலை. ஓட்டிப் பார்க்க ஆசை வரும் என்பது உண்மை. அந்தச் சாலையில் மீடியன் இடைவெளியில் டிராக்டர் திரும்பும், எதிர்த்திசையில் பைக் வரும், கரும்பு லாரி விளக்கில்லாமல் நிற்கும். வண்டியின் வேகம் 100-லிருந்து 140 ஆனால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரோட்டில் ரேஸ் விடுவது 189-வது பிரிவின்படி குற்றமும்கூட.

● ரேஸ் ஓட்ட நம் பக்கத்திலேயே முறையான இடம் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல்லாண்டு சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவிட்டு, 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக்குக்கு வந்தது. ஒரு சுற்று மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். திண்டிவனத்திலிருந்து காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குள் போய்ச் சேரலாம். டிராக் டே நடக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். போகும் முன் பிரேக் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். புதிய டாட்-4 ஆயில் கொதிப்பது குறைந்தது 230 டிகிரியில். ஈரம் குடித்த பழைய ஆயில் 155-லேயே கொதித்துவிடலாம். அப்புறம் பெடலை மிதித்தால் கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது.