பணியிடத்து வன்செயல்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியர் ஆதலின் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என எதிர்பார்த்திருப்பர். அதனை விடுத்து இப்பொருளைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர், வங்கி முகாமையாளர், அதிபர், கந்தோர்த் தலைவர் எனப் பிறரை ஏவும் நிலையில் உள்ளோர் பலர். இன்று வகுப்பில் இருப்போரோ சில ஆண்டுகளில் பிறர் ஏவலின்கீழ்ப் பணிபுரியச் செல்வோர். இரு சாராரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வன்செயல் என்றவுடன் கத்தியும் துவக்குமே மனக்கண்முன் தோன்றும். 1986 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் எட்மண்ட் நகர்த் தபாலகத்தில் ஊழியர் ஒருவர் உடன் பணியாற்றிய 14 பேரைச் சுட்டுக் கொன்று தாமும் மாண்டார். பின்னர் அந்நாட்டில் தபால் ஊழியர் என்றாலே வெறிகொண்டவர் என்னும் பேச்சுப் பரவிற்று. 2000 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட ஆணைக்குழுவொன்று, அப்பேச்சு ஆதாரமற்றது எனக் கண்டது. இத்தகைய கொடுமைகள் அரியன. நாள்தோறும் நிகழ்வன வேறு: மேசையில் ஓங்கி அடித்தல், இலிகிதரைப் பலர்முன் இழித்துரைத்தல், சிற்றூழியர்மேல் கோவைக்கட்டை வீசுதல், “உன்னை வெளியில் பார்த்துக்கொள்கிறேன்” என அச்சுறுத்தல்.

சர்வதேச தொழில் தாபனம் 2019 ஆம் ஆண்டு யூன் மாதம் ஜெனீவாவில் நிறைவேற்றிய 190 ஆம் இலக்கச் சமவாயம் இவற்றையெல்லாம் ஒரே வரைவிலக்கணத்துள் அடக்குகின்றது. உடலுக்கோ உள்ளத்துக்கோ பொருள்நிலைக்கோ கேடு விளைக்கத்தக்க நடத்தை, ஒருமுறை நிகழினும் வன்செயலேயாம், அச்சுறுத்தலும் அதன்பாற்படும். பணியிடம் என்பதும் நான்கு சுவர்கள் மட்டுமன்று. உணவருந்தும் அறை, கடமைநிமித்தப் பயணம், நிறுவனம் கொடுத்த விடுதி, தொலைபேசிச் செய்தி ஆகியனவும் அதனுள் அடங்கும். பயிலுநரும் வேலை தேடி வந்தவரும்கூடப் பாதுகாப்புக்கு உரியர்.

அத்தாபனமும் வேறு இரு நிறுவனங்களும் 2021 இல் 121 நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2022 இல் வெளியிட்டன. தொழில் புரிவோருள் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் இக்கேட்டினை அனுபவித்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரே அதனை எவரிடமேனும் கூறியிருந்தனர். ஏனையோர் வாய்திறவாமைக்குச் சொன்ன காரணங்களுள் முதன்மையானவை இரண்டு: கூறுதல் வீண் என்பது ஒன்று, தம் பெயர் கெடும் என்பது மற்றொன்று. தனி மனிதரை வாய்மூடச் செய்யும் இப்பெயரச்சம் நிறுவனங்களையும் பற்றிக்கொள்வதை யாம் நேரிற் கண்டிருக்கின்றோம்.

ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்து யாம் முதன்முதல் நியமனம் பெற்ற பாடசாலையில், பரீட்சைப் புள்ளி தொடர்பாகச் சினங்கொண்டு வந்த தந்தை ஒருவர், எம்முடன் கற்பித்த ஆசிரியரை மாணவர்முன்னே கன்னத்தில் அறைந்தார். முதல் வாரம் அவரே படலையில் நின்று வைதுவிட்டுச் சென்றதை யாவரும் கேட்டிருந்தோம், எவரும் பொருட்படுத்தவில்லை. அறை விழுந்த அன்று அதிபர் கதவைச் சாத்தி, இருவருக்கும் தேநீர் கொடுத்து, கைகுலுக்கச் செய்து, “வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடத்தின் பெயர் என்னாவது?” என்றார். யாமும் தலையசைத்தோம். அத்தவணை முடியுமுன் வேறொருவர் பொல்லுடன் ஆசிரியர் அறைக்குள் புகுந்தார். அறைபட்டவரோ தாமே மாற்றம் கேட்டுச் சென்றுவிட்டார்.

வள்ளுவர் வெகுளாமையையும் இன்னாசெய்யாமையையும் துறவறவியலில் வைத்தார். வெருவந்த செய்யாமையை மட்டும் பொருட்பாலில், கொடுங்கோன்மையை அடுத்து வைத்தார். பிறர் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை ஆள்வோனுக்குரிய கடமை என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும். பணியிடத்திலும் தடுக்கும் பொறுப்பு முதற்கண் தலைவரையே சாரும்.

தடுத்தற்கு, இடர் எங்கே உண்டு என முன்னரே ஆராய்தல் வேண்டும். பணம் கையாளுமிடம், இரவில் ஒருவர் தனித்துப் பணிபுரியுமிடம், நோயுற்றோரின் உறவினர் நெடுநேரம் காத்திருக்குமிடம் என்பன நன்கறியப்பட்டவை. காத்திருத்தலைக் காட்டிலும், ஏன் காத்திருக்கின்றோம் என்று அறியாமையே சினத்தை மூட்டுகின்றது. இங்கிலாந்தின் சில வைத்தியசாலைகளில், அவசர சிகிச்சைப் பகுதியில் என்ன நடைபெறுகின்றது, அடுத்து யாது நிகழும் என்பதை விளக்கும் பலகைகளைச் சுவரிற் பொருத்தினர். அச்சுறுத்தும் நடத்தை அரைவாசியாகக் குறைந்தது எனப் பின்னர் மதிப்பிட்டனர். காவலாளரை நிறுத்துமுன் இத்தகைய பலகை ஒன்றை நம்மவர் தொங்கவிட்டுப் பார்த்தால் என்ன?

இவற்றிலும் மேலானது முதல் முறைப்பாட்டைக் கேட்டல். படலையில் நின்று வைதவனைப் பற்றி அன்றே விசாரித்திருப்பின் அறை விழுந்திராது என்றே எமக்குத் தோன்றுகின்றது. “அவர் சுபாவமே அப்படித்தான்” என்று கூறும் தலைவர் அந்தச் சுபாவத்துக்கு அனுமதி வழங்குகின்றார்.

நிகழ்ந்தபின் செய்யவேண்டியன சிக்கலானவையல்ல. ஆபத்து நீங்காதாயின் மல்லுக்கட்டாது விலகி, 119 இலக்கத்திற் பொலிசாரை அழைத்தல். காயமுற்றவரை வைத்தியரிடம் சேர்த்தல். கண்டோர் ஒவ்வொருவரும் கண்டதைத் தனித்தனியே, அன்றே, நேரம் குறித்து எழுதுதல். குற்றஞ் சாட்டப்பட்டவர் கூற்றையும் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். அவசரப்பட்டுச் சமாதானம் பேசுதல் ஆகாது. அடித்தவரின் கையைப் பற்றுமாறு அடிபட்டவரை வற்புறுத்துதல் இரண்டாவது அடியாகும். ஒருவரை இடம்மாற்ற நேரின், முறையிட்டவரை அவர் விருப்பின்றி மாற்றுதலும் தகாது. இரண்டொரு கிழமை கழித்து அவரை அழைத்து, “எப்படி இருக்கின்றீர்?” என வினவுதலை மிகப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர்.

சட்டமும் துணைநிற்கின்றது. அதிகாரத்தில் உள்ளவர் பணியிடத்தில் சொல்லாலோ செயலாலோ புரியும் விரும்பத்தகாத பாலியல் அணுகுதல், 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றமாகும். பகிடிவதையையும் வேறு வன்செயல்களையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் மாணவரை மட்டுமன்றி அங்கு பணிபுரிவோரையும் காக்கின்றது.

எனினும் சட்டத்தின்முன் செல்வதற்கு எழுதிய சான்று வேண்டும். யாம் முற்கூறிய பாடசாலையில் பல ஆண்டுகளின்பின் ஓர் அலுவலாகச் சென்றபோது பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அந்நாளுக்குரிய பக்கத்தில் அதிபரின் அழகிய கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: விளையாட்டுப் போட்டிக்கான ஒத்திகை சிறப்புற நடைபெற்றது.